தற்காலிக நங்கூரம்

செல்லப்பாண்டிக்குக் கடையில் வாய் திறந்தால் மூடாது. மேடையில் ஏறினால் திறக்காது. ஐம்பதைத் தாண்டிவிட்ட அந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றை இதற்கு மேல் சுருக்க முடியாது. சுருக்கினாலும் அவரே வந்து விரித்துவிடுவார்.

பிறந்தது உடன்குடிப் பக்கம், பனங்காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். எட்டாம் வகுப்பில் ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். பனைமரங்களையே சபையாக வைத்துத் தொண்டை கட்டும்வரை ஒத்திகை பார்த்தார். அன்றைக்கு மைக் முன்னால் போய் நின்று, “நடுவர் அவர்களே” என்றார். முன்வரிசையில் இருந்த நடுவர், யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல, “என்னப்பா?” என்று நிமிர்ந்து பார்த்தார். பனைமரம் ஒன்றுகூட அப்படிக் கேட்டதில்லை. மனப்பாடம் பண்ணியதெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பையன் திருதிருவென்று முழித்தான். பிறகு, “நன்றி, வணக்கம்” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினான். அன்றைக்குப் பேசினவர்களில் அவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஊரில் இன்றைக்கும் அவருக்கு நன்றிவணக்கம் என்றுதான் பெயர். சொந்த அத்தை மகனே போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறான்.

மீசை முளைத்த கையோடு தூத்துக்குடிக்கு வந்து மாமா கடையில் சேர்ந்தார். திரேஸ்புரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் மாமாவுக்கு வலைக்கடை. வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு, தூண்டில் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். மாமா மகள் சீனித்தாயைக் கட்டிக்கொண்டார். மாமா காலமான பிறகு கடையும் இவர் பொறுப்பாயிற்று. இன்றுவரை கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் கடல்காரர்களுக்குக் கயிறு அளந்து கொடுக்கும்போதே உலக நடப்பையும் சேர்த்து அளப்பார். கயிற்றுக்குத்தான் விலை, உலக நடப்பு இலவசம்.

மைக் ஆசை மட்டும் அடங்கவே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் வாழ்த்துரை வழங்கக் கூப்பிட்டார்கள். “மணமக்களே” என்றார், கரண்ட் போய்விட்டது. அடுத்து ஒரு கோயில் கொடை விழாவில் மைக் கைக்கு வந்தது. “பக்தகோடிகளே” என்று தொடங்குவதற்குள் சாமியாடிக்கு அருள் வந்து, மைக்கைப் பிடுங்கிக்கொண்டு குறி சொல்ல ஆரம்பித்துவிட்டார். சாமியோடு மல்லுக்கு நிற்க முடியுமா? வீட்டுக்கு வந்து டிவி விவாதங்களைப் பார்த்து, அதில் பேசுகிறவர்களை எதிர்த்துப் பேசித்தான் ஆற்றிக்கொண்டார்.

“டிவில இருக்கவன் திருப்பிக் கேக்க மாட்டாம்லா, அதான் ஒங்களுக்கு அவன்கிட்ட இம்புட்டு வீரம்” என்பாள் சீனித்தாய்.

இப்படி இருக்கையில்தான் எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய நாடு, பக்கத்திலிருந்த சின்ன நாட்டுக்குள் படையோடு புகுந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நீங்களும் ஒரு கட்சி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள், கதை இந்த இடத்திலேயே நின்றுபோகும். கடையிலும் யாரும் பெயர் சொல்லிப் பேசவில்லை. அந்த ஊர்ப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை, அதுதான் காரணம். பெரியவன், சின்னவன் என்று வைத்துக்கொண்டார்கள்.

செல்லப்பாண்டி சின்னவன் கட்சி. உயிரைக் கொடுத்துப் பேசினார். மேஜைமேல் ஒரு பழைய வலைத்துண்டை விரிப்பார். மஞ்சள் மிதவைகள் சின்னவனின் ஊர்கள், ஈயக்குண்டுகள் பெரியவனின் படை. காலையில் செய்தி பார்த்துவிட்டு வந்து, குண்டுகளை அதற்குத் தகுந்தபடி நகர்த்தி வைத்துவிட்டுத்தான் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். ஒருநாள் கிருபை வந்தார். நாட்டுப்படகு வைத்திருக்கிறவர்; அவர் வாயில் விழுந்தவர்கள் எழுந்திருப்பது கஷ்டம். வலைக்கு ஒரு மிதவை குறைகிறதென்று, மேஜையில் கிடந்ததிலேயே பெரிதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். செல்லப்பாண்டி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

“ஓய் கிருபை, அது தலைநகரம் வே.”

“அதுக்கென்ன அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் என் வலையில மிதக்கட்டும். அங்கன குண்டு விழுததுக்கு இது தேவலை.”

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்த மாதம் அது. வேலையில்லாத கூட்டம் முழுக்க வலைக்கடை வாசலில்தான் நின்றது. பெரியவனுக்குப் பரிந்து யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், செல்லப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவார். “அடுத்தவன் வாசல்ல காலை வைக்கதுக்கு எவனுக்கு வே உரிமை இருக்கு?” என்று கேட்பார். கேட்கும்போது அவருக்கு ஒரு காலைத் தூக்கி எதன்மேலாவது வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கால் வைக்கிற பொருளைப் பற்றித்தான் இனிமேல் பேச்சு.

அது ஒரு நங்கூரம். உடைத்து விற்ற பழைய தோணி ஒன்றிலிருந்து வாங்கியது. ஆள் உயரம், இரண்டு பக்கமும் வளைந்த கொக்கி, யானைக்குட்டி கனம். வலைக்கடை வாசலில் நிறுத்தி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கினார். லோடு ஆட்டோ வந்த அன்றைக்குக் கடைமுன் கயிற்றுக் கட்டுகள் குவிந்து கிடந்தன. அதனால் பக்கத்துக் கடை வாசலில் இறக்கினார்கள். பக்கத்துக் கடை அனுசியாவின் தையல் கடை.

“தற்காலிகமாத்தான் தாயி. ரெண்டு நாள்ல எடுத்துருதேன்” என்றார்.

மூன்று வருஷம் ஆயிற்று. நங்கூரத்துக்கு நீலப் பெயின்ட் அடித்தார். கொக்கியில் கயிற்று வளையங்களைத் தொங்கவிட்டார். திருட்டுப் போய்விடக் கூடாதென்று சங்கிலி போட்டுப் பூட்டினார். அதைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய திருடன் இந்தக் கடற்கரையில் இன்னும் பிறக்கவில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். செல்லப்பாண்டி நல்லவர், மடத்தைப் பிடுங்கவில்லை. வாசலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அனுசியா நாற்பது வயதுக்காரி, அதிர்ந்து பேசமாட்டாள். கணவருக்குச் சாகுபுரம் ஆலையில் ஷிப்ட் வேலை. கடையில் ஒற்றை ஆளாகத் தைத்துப் பெயர் எடுத்திருந்தாள். அவளிடம் வருகிற பெண்கள் நங்கூரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். கொக்கியில் மாட்டிச் சேலை கிழிந்தால் அனுசியாவே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள். கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறவர்கள் வாசலோடு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு அதுவும் கூச்சமாகி வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷம் அவள் துணிந்து ஒரு பெரிய எம்பிராய்டரி மெஷின் வாங்கியிருந்தாள். அது வாசலில் நுழையவில்லை. வீட்டு முன்னறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே போர்வை போர்த்தி நின்றது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மெஷின் கடைக்குள் வந்தால்தான் இரண்டு பள்ளிச் சீருடைக்கும் பேட்ஜ் போடுகிற வேலை அவளுக்குக் கிடைக்கும். வராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். அதை நினைத்து அவள் சில நாள் சாப்பிடக்கூட இல்லை.

அவள் கேட்காமலும் இல்லை. கேட்கும்போதெல்லாம் செல்லப்பாண்டி ஒரு பதில் வைத்திருந்தார். “நங்கூரம் கெடக்கப்போயிதான் வண்டிக்காரன் ஒன் படியில ஏத்தாம போறான். ஒனக்குப் பாதுகாப்புதான தாயி” என்றார். இன்னொருதடவை, “ஒன் கடைக்கு அடையாளமே இதுதான. நங்கூரத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னா கண்ணை மூடிட்டு வாராங்க” என்றார். “ஆதியில எங்க மாமா அங்கன சாக்கு விரிச்சுக் கருவாடு காயப்போட்டிருக்காரு, தெரியும்லா” என்று சரித்திரம் பேசினார். கடைசியாக, “எடுக்கதுன்னா லேசா? எடுத்த எடத்துல பள்ளம் விழும். ஒன் ஆளுகதான் உள்ள விழுவாங்க” என்று பயமும் காட்டினார். அனுசியா ஒவ்வொன்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனாள். அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தார் மனிதர்.

அந்தத் தெருவுக்கு ஒரு வியாபாரிகள் நலச் சங்கம் உண்டு. தலைவர் காஜா முஹ்யித்தீன், காயல்பட்டினத்துக்காரர். துபாயில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்து இங்கே கடிகாரக் கடை வைத்திருக்கிறார். தெருவே அவரைக் காக்கா என்று கூப்பிடும்; அவர் ஊர் வழக்கில் அண்ணன். சங்க ஆண்டு விழாவுக்கு வருஷாவருஷம் பட்டிமன்றம் நடக்கும், அவர்தான் நடுவர். போன வருஷம் ‘குடும்பத்தில் சிக்கனம் யாருக்கு அதிகம், கணவனுக்கா மனைவிக்கா’ என்று தலைப்பு வைத்து, நாலு வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை.

“இந்த வருசம் உலக விசயமாப் போட்டுருவோம்” என்றார் காக்கா. “படை புகுந்தது சரியா, தவறா? இது எங்கேயோ நடக்குது. இதுல யாரு வாசல்லயும் சண்டை வராது.”

தவறு என்று பேசச் செல்லப்பாண்டியின் பெயரை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே எழுந்து நின்றுவிட்டார். சரி என்று பேசத்தான் ஆளில்லை. கிருபையைக் கேட்டார்கள். “நான் அதைப் பேசிட்டு ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போனா, சாமியார் என்னைப் பாத்துத்தான் பிரசங்கம் வைப்பாரு” என்று நழுவிவிட்டார். கூட்டம் கலையப்போன நேரத்தில் பின்னாலிருந்து அனுசியா, “நான் பேசுதேன் காக்கா” என்றாள்.

செல்லப்பாண்டிக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. மறுநாள் நங்கூரத்தில் கால் வைத்து, அவள் கடைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார். “தாயி, நீ எடுத்திருக்கது தோக்குத கட்சி. பாயிண்ட் வேணும்னா கேளு, கூச்சப்படாத.”

“வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் அனுசியா, தையலிலிருந்து தலை தூக்காமல். “நீங்க ஏற்கெனவே நெறைய குடுத்துட்டீங்க.”

பெருந்தன்மையோடு சிரித்துக்கொண்டே திரும்பினார்.

விழா அன்று சாயங்காலம் தெருவின் எதிர்வரிசையில் மேடை போட்டார்கள். மேடையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே வலைக்கடை, தையல் கடை, நடுவில் நங்கூரம். விழாவுக்கென்று செல்லப்பாண்டி அதற்குச் சரவிளக்கு வேறு சுற்றியிருந்தார். சீனித்தாய் பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். காக்கா நேரம் பார்க்க ஒரு அலாரக் கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு, முதலில் அனுசியாவைக் கூப்பிட்டார்.

அனுசியா மைக் முன்னால் வந்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நடுவர் அவர்களே, பெரியவன் உள்ள வந்தது சரிதான்னு பேச வந்திருக்கேன். எனக்கு உலக விசயம் ஒண்ணும் தெரியாது. ஆனா பெரியவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். மொதல்ல, இது தற்காலிகமாத்தான். ரெண்டு நாள்ல எடுத்துருவாங்க.”

கூட்டம் அமைதியாகக் கேட்டது. செல்லப்பாண்டியும், பதில் சொல்ல வசதியான பாயிண்ட் என்று தலையை ஆட்டினார்.

“ரெண்டாவது, அது சின்னவனுக்குப் பாதுகாப்புதான. அவன் படையைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தலன்னா, போற வாற வண்டியெல்லாம் சின்னவன் படியில ஏறிரும்லா.”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிருபை சட்டென்று திரும்பி நங்கூரத்தைப் பார்த்தார். பிறகு செல்லப்பாண்டியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“மூணாவது, சின்னவனுக்கு அடையாளமே இப்பத்தான் வந்துருக்கு. முன்னால அவனை யாருக்குத் தெரியும்? இப்ப, அந்தப் படை நிக்குல்லா, அதுக்கு அந்தப் பக்கம்னு சொன்னா உலகமே கண்ணை மூடிட்டு வருது.”

சிரிப்பு இங்கே தொடங்கி அங்கே பரவியது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சரவிளக்கு வேறு விட்டுவிட்டு எரிந்து, நான்தான், நான்தான் என்று நங்கூரத்தைக் காட்டிக் கொடுத்தது. செல்லப்பாண்டி தலையாட்டுவதை நிறுத்தினார். இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்தார். கேட்ட குரல் இல்லை, பேசின குரல் என்று புரிந்தபோது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“நாலாவது, சரித்திரம்” என்றாள் அனுசியா. முந்தானையை இப்போது விட்டிருந்தாள். “ஆதியில பெரியவனோட மாமா அங்கன சாக்கு விரிச்சுக் கருவாடு காயப்போட்டிருக்காரு.”

தெரு குலுங்கியது. சீனித்தாய், “எங்க அய்யாவை ஏம் இழுக்க?” என்று கேட்க வாயெடுத்தவள், அவளுக்கே சிரிப்பு வந்து முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“கடைசியா ஒண்ணு. படையை எடுத்துட்டா அந்த எடத்துல பள்ளம் விழும். சின்னவன் ஆளுகதான் உள்ள விழுவாங்க. அதனால பெரியவன் அங்கனயே கெடக்கதுதான் சின்னவனுக்கு நல்லது. அவன் தன் வீட்டுக்குள்ள ஒருக்களிச்சுப் போயிக்கிடுவான். மூணு வருசமாப் போயிப் பழகிட்டான்.”

அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. கூட்டத்தின் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

“அடுத்து, தவறு என்ற அணியில் செல்லப்பாண்டி” என்றார் காக்கா.

மனிதரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க ஏங்கின மைக் கையில். கரண்ட் இருக்கிறது. சாமியாடி யாரும் பக்கத்தில் இல்லை. பேச்சு நெஞ்சு நிறைய இருக்கிறது. பேசினால் ஜெயித்துவிடலாம், ஆனால் ஜெயித்தால் நங்கூரம் போய்விடும். நங்கூரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டும், சாகும்வரை நன்றிவணக்கமாகவே இருக்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு மைக் வேறு கொடுத்திருந்தார்கள்.

“நடுவர் அவர்களே” என்றார்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த காக்கா, “என்ன செல்லப்பாண்டி?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

அதே பார்வை. எட்டாம் வகுப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது. “நன்றி” என்று உதடு தானாக அசைந்தது. முன்வரிசையில் சீனித்தாய் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். அவர் அப்போதுதான் அனுசியாவைப் பார்த்தார். முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை நம்மால் அழுகிறது என்ற நினைப்பு அவரைச் சுட்டது. சாதாரண வெட்கம் இல்லை, நிற்க முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது. உலகத்தில் எங்கேயோ இருக்கிற சின்னவனுக்காகத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினோமே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவளை விட்டுவிட்டோமே என்று நினைத்தார்.

பிறகு பேசினார்.

“நடுவர் அவர்களே, தற்காலிகம்ங்கான். ரெண்டு நாள்ங்கான். தற்காலிகம்னா எதுக்கு வே பெயின்ட் அடிக்கான்? ரெண்டு நாள்ல போறவன் சங்கிலி போட்டுப் பூட்டுவானா?”

கூட்டத்தில் அப்படி ஒரு கைதட்டல்.

“பாதுகாப்புங்கான். யாருகிட்டயிருந்து பாதுகாப்பு? மூணு வருசத்துல அந்த வாசல்ல வந்து இடிச்சது அவன் ஒருத்தன்தான். வேற ஒரு வண்டி வரலை. அடையாளம்ங்கான். அவ தச்ச தையலைப் பாத்து ஊர் வந்துச்சு. இவன் இரும்பைப் பாத்தா வந்துச்சு?”

அவ என்றது சின்ன நாட்டையா அனுசியாவையா என்று யாரும் கேட்கவில்லை. செல்லப்பாண்டிக்கே அது தெரியவில்லை. கால் வைக்க எதுவும் இல்லாமல் இரண்டு காலிலும் நின்று பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

“மாமா கருவாடு காயப்போட்டாராம். சின்னப் பிள்ளையில நான் மணப்பாட்டுக் கடக்கரையில துண்டை விரிச்சுத் தூங்கியிருக்கேன். மணப்பாடு எனக்குச் சொந்தமா? எடுத்தா பள்ளம் விழும்ங்கான். பள்ளத்தை ஆக்குனவன் எவன்? மண்ணைப் போட்டு மூட வேண்டியவன் எவன்? எடுக்கது லேசில்லைங்கான். கொண்டாந்து எறக்கும்போது ஆள் இருந்துச்சுல்லா? அடுத்தவன் வாசல்ல காலை வைக்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லுதவன், அந்தக் காலை எதுமேல வச்சுக்கிட்டுச் சொல்லுதாம்னு ஒருதடவை குனிஞ்சு பாக்கணும். நான் பாக்கலை. தப்புதான். நன்றி, வணக்கம்.”

காக்காவின் அலாரம் அடித்தது. நேரத்துக்குள் பேச்சை முடித்திருந்தார். சீனித்தாய் எழுந்து நின்று கை தட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் கை தட்டியதில்லை.

காக்கா தீர்ப்புச் சொல்ல எழுந்தார். “படை புகுந்தது தவறு. அதுல சந்தேகம் இல்லை. நல்லாப் பேசினது செல்லப்பாண்டி. அவருக்குப் பேச்சு எழுதிக் குடுத்தது அனுசியா. கேடயம் ரெடியா இருக்கு. ஆனா மொதல்ல அந்த வாசல் காலியாகணும். அல்ஹம்துலில்லாஹ், தடைக்காலம், ஆளுக்குப் பஞ்சம் இல்லை.”

அதற்குப் பிறகு கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. கிருபை, “கயிறு கொண்டாரும் அண்ணாச்சி” என்றார். செல்லப்பாண்டி உள்ளே போய் ஒரு பழைய கயிற்றை எடுத்து வந்தார். கிருபை அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “பேசும்போது புதுசாப் பேசுனீரு. கயிறும் புதுசாக் குடும்.” புதுக் கட்டு பிரிந்தது. சங்கிலியின் சாவி எங்கே என்று தேடியதில் கொஞ்ச நேரம் போயிற்று. மூன்று வருஷமாகப் பூட்டைத் திறக்கும் உத்தேசமே இல்லாததால் சாவி ஊதுபத்தி டப்பாவுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. அடியில் மரத்தடிகளைக் கொடுத்து, கரையில் படகு இழுக்கிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஏலேலோ போட்டார்கள். நங்கூரம் முதலில் முனகியது, பிறகு நகர்ந்தது. பள்ளமெல்லாம் ஒன்றும் விழவில்லை. சிமென்ட்டில் நங்கூரத்தின் வடிவத்திலேயே ஒரு துருக்கறை இருந்தது.

எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் யாரும் யோசிக்கவில்லை. வலைக்கடைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரர், கயிறு இறுகும்போதே தன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். வலைக்கடை முன்னால் பாதி இடத்தைக் கயிற்றுக் கட்டுகள் இன்றைக்கும் பிடித்திருந்தன. ரோட்டில் விட்டால் காலையில் பால் வண்டி முட்டும். “படை அவனவன் சொந்த நாட்டுக்குத்தான் திரும்பணும்” என்று கிருபை சட்டம் சொன்னார். ஆகவே வலைக்கடைக்குள்ளேயே இழுத்து விட்டார்கள். அது கல்லாப்பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவில், வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இதற்கு மேல் இழுக்க எங்களால் ஆகாது என்று எல்லாரும் கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் அனுசியாவின் மெஷின், மாலை போட்ட மாப்பிள்ளைபோல நேராக வாசல் வழியே கடைக்குள் போயிற்று. படியைக் கழுவித் துருக்கறைமேலேயே கோலம் போட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது செல்லப்பாண்டிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேடயத்தைத் துடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வலைத்துண்டை விரித்து, சின்னவனின் ஊர்களை அடுக்கினார். பெரியவன் அங்கே இன்னும் அசையவில்லை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். ஒரு ஈயக்குண்டைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தார்.

அதற்குள் கிருபை வெளியே நின்று தூண்டில் கேட்டார். எடுத்துக் கொடுக்க எழுந்து, தன் நங்கூரத்துக்கும் தன் சுவருக்கும் நடுவில் செல்லப்பாண்டி ஒருக்களித்து நுழைந்தார். கொக்கி வேட்டியைப் பிடித்து இழுத்தது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை கிழிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

துண்டைச் சுற்றிக்கொண்டு, கிழிந்த வேட்டியோடு பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றார். அகலமான வாசல். உள்ளே புது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அனுசியா வேட்டியை வாங்கி விரித்துப் பார்த்தாள். கிழிசல் எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கிழிசலை அவள் எத்தனையோ சேலையில் தைத்திருக்கிறாள்.

“அது கடைக்குள்ள வழியை மறிச்சுக்கிட்டுல்லா கெடக்கு தாயி” என்றார் செல்லப்பாண்டி, பரிதாபமாக. “நான் எப்படித்தான் போறது, வாரது?”

அனுசியா ஊசியில் நூலைக் கோத்தாள். “என்ன அண்ணாச்சி செய்ய. பொறுத்துக்கோங்க, தற்காலிகமாத்தான” என்றாள்.

செல்லப்பாண்டி பதில் சொல்ல வாயைத் திறந்தார். கடையில் திறந்தால் மூடாத வாய். ஒன்றும் வரவில்லை. தைத்த வேட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“நன்றி, வணக்கம்” என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போனார்.